மூச்சைப் பிடிங்க

நான்காவது ஆளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் எப்சிபாவுக்கு அது உறைத்தது. உதடு தன்பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவள் அங்கே இல்லை. அவள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் குக்கரை இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தோமா என்ற யோசனை. அணைத்த மாதிரியும் இருக்கிறது, அணைக்காத மாதிரியும் இருக்கிறது, குமிழைத் திருகிய ஞாபகம் விரலில் இருக்கிறது, ஆனால் அது இன்றைக்குத் திருகியதா நேற்றுத் திருகியதா என்று விரலுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஈயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் மோவாயை ஸ்டாண்டின் மேல் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் அவளுடைய வாய், ஆண்டவரே, இவருக்குள்ளே இரும், என்று சொல்லி முடித்துவிட்டது. சொன்னது தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பொத்தானை அமுக்கியாயிற்று, பீப் சத்தம் வந்தாயிற்று, "விடுங்க" என்றும் சொல்லியாயிற்று. எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அப்படியென்றால் ஜெபம் பண்ணியது யார்?

பதினோரு வருஷமாக அவள் இப்படித்தான். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்கு வந்து மூன்றாம் வருஷம், பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு அம்மா பேச வந்திருந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துண்டுக் காகிதம் கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் கொடுத்துவிட்டால் போதுமா, பாத்திரம் விளக்குவது ஆராதனை இல்லையா, பஸ்ஸுக்கு நிற்பது ஆராதனை இல்லையா, நீங்கள் விடுகிற மூச்சு யாருடையது என்று அந்த அம்மா கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எப்சிபாவுக்கு மட்டும் அந்தக் கேள்வி முள் மாதிரி ஏறிவிட்டது. மறுநாள் வேலையில் ஒருவரை நிறுத்தி, நல்லா மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க என்று சொல்லிவிட்டு, விடுங்க என்று சொல்வதற்கு இடையில் மூன்று விநாடி வெறுமனே கிடப்பதைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அதை வீணாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மூன்று விநாடிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு ஜெபம் வேண்டும். ஆண்டவரே, இவருக்குள்ளே இரும். சரியாக இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது நெஞ்சு. தாலிக்கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிற நெஞ்சு, தாயத்துக் கட்டின நெஞ்சு, பீடிப்புகை ஏறின நெஞ்சு, எந்த வித்தியாசமும் அவள் பார்த்ததில்லை. பிறகு அது பஸ்ஸுக்குப் பரவி, வெங்காயம் நறுக்குவதற்குப் பரவி, கொடியில் துணி காயப்போடும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு வார்த்தையாக வீடு முழுக்கப் பரவிவிட்டது. அவள் வீட்டுக்காரர் தனசிங் கேலி பண்ணுவார். "ஆண்டவர்கிட்ட பேசினது போக நேரம் மிச்சமிருந்தா சாம்பாருக்கு உப்புப் போடு." அவள் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் ஒரு இனிப்பு இருந்தது. இங்கே வருகிறவர்கள் படத்தோடு கூட வேறு ஒன்றையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது, தனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும் என்கிற இனிப்பு. அந்த இனிப்பு சரிதானா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறாள். தலைக்கு மேல் இந்த ஃபேன் சுற்றுகிறது. யாருக்காகச் சுற்றுகிறோம் என்று அதற்குத் தெரியுமா? காற்று வரத்தான் செய்கிறது. அப்படியென்றால் தெரியாவிட்டால் என்ன? ஆனால் ஃபேனைப் பார்த்து ஆண்டவர், நல்லது, என்று சொல்வாரா? மூன்று வருஷமாகவா, ஏழு வருஷமாகவா, எப்போதிருந்து அவள் ஃபேன்?

ஐந்தாவதாகப் பள்ளிக்கூட யூனிபாரத்தில் ஒரு பெண்பிள்ளை வந்தது. சடையை மேலே தூக்கிக் கொண்டையாக முடியச் சொன்னாள். இந்தத் தடவை மனசை இழுத்துப் பிடித்துக் கூடவே நிற்க வைக்க வேண்டும் என்று தீர்மானித்தாள். மனசு நின்றது, வார்த்தை உதிர்ந்துவிட்டது. ஆண்டவரே, என்றதும் எந்த ஆண்டவரே என்றிருந்தது. இவருக்குள்ளே என்றால், இது சின்னப்பிள்ளை, இவளுக்குள்ளே என்றல்லவா சொல்ல வேண்டும், பதினோரு வருஷமாகப் பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் இவருக்குள்ளே என்றா சொல்லிக்கொண்டிருந்தோம்? ஆறாவதாகக் கைப்பிள்ளையை வெளியே மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண். அவளுக்குச் சொல்லும்போது கடைசி வார்த்தை வழுக்கியது. இரும். இரும் என்று ஆண்டவரிடம் கேட்கிறோமா, இருமு என்று இவளிடம் சொல்கிறோமா? நெஞ்சுச் சளிக்காரியைப் பார்த்து இருமு, இருமு, இருமல். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு பயம் வந்தது. மாடிப்படி இறங்கும்போது காலைப் பற்றி நினைத்தால் கால் தடுக்குவது மாதிரி, ஜெபத்தைப் பற்றி நினைத்ததும் ஜெபம் தடுக்கிவிட்டது. நினைக்காமல் இருந்தால் அது நம்முடையது இல்லை, நினைத்தால் அது நடக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா? போன் பண்ணிப் பக்கத்து வீட்டில் கேட்கலாம். பூட்டிய வீட்டை வெளியிலிருந்து பார்த்து அவர்கள் என்ன சொல்வார்கள்? கேஸ் வாசனை வருதா என்று கேட்கலாம். கேட்டால் அவர்களுக்கும் பயம் வரும். தன் பயத்தைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பதா? இப்படியே நினைத்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

அருமைநாயகம், வயது எழுபத்துநாலு, நெஞ்சு எக்ஸ்ரே. ஊர் கிருபாபுரம்.

அவளுடைய சொந்த ஊர். அந்த ஊரில் அந்தப் பெயரில் ஒருவர்தான் உண்டு. எப்சிபா சீட்டை மேஜையில் வைத்தாள். திரும்ப எடுத்துப் படித்தாள். கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். தன் குரல் மற்றவர்களைக் கூப்பிடுகிற குரலாகத்தான் இருந்தது என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அருமைநாயகம் சார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், சபை மூப்பர், பிரசங்கப் பீடத்துக்கு அருகில் நின்று அறிக்கை வாசித்தால் மைக் இல்லாமலே தெருமுனைக்குக் கேட்கும் என்று பெயர் வாங்கினவர். இப்போது சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. கூட யாரும் வரவில்லை. அவள் முகக்கவசம் போட்டிருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "சட்டையைக் கழட்டிருங்க சார். செயின் போட்டிருக்கீங்களா? இங்க வந்து நெஞ்சை ஒட்டி நில்லுங்க. மோவாயை மேல வையுங்க. கையை இடுப்புல வச்சுத் தோளை முன்னால கொண்டாங்க." நாற்பது பேரிடம் சொல்கிற அதே வார்த்தைகள், அதே வரிசையில். தோளைச் சரிசெய்யத் தொட வேண்டும். தொட்டாள். தோல் குளிர்ந்திருந்தது. தோள் எலும்பு கையில் தட்டியது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்று, நல்லா மூச்சை இழுங்க, என்றாள். பிடிங்க. அசையாதீங்க.

ஜெபம் வரவில்லை. வாய் கூடத் தானாக நகரவில்லை. காலையிலிருந்து அவளைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தது இப்போது கல்லாக நின்றுவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அப்பா பெட்டிக்குள் படுத்திருக்கிறார், சட்டைப் பையில் யாரோ ஒரு ரோஜாப்பூவைச் செருகியிருக்கிறார்கள், பெட்டியைத் தூக்கிவிட்டார்கள், கோயில் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பா மாசிலாமணி அந்தக் கோயிலில் முப்பத்திரண்டு வருஷம் மணி அடித்தவர். ஊரில் யார் செத்தாலும் முதலில் அவருக்குத்தான் சொல்லிவிடுவார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, துக்க மணி எப்படி அடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். அவருக்கு மணி அடிக்கவில்லை. தங்கச்சி ஜாய்ஸ் ஒரு இந்துப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள். மகள் செய்தது தப்பு என்று சபைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு என்று கமிட்டி கேட்டது. அப்பா எழுதவில்லை. நான் அவளைப் பெத்தவன், நான் எப்படி எழுதுவேன், என்று அவ்வளவுதான் சொன்னார். ரெண்டு மாசத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் பண்ணலாம், மணி வேண்டாம். சொன்னவர் மூப்பர் அருமைநாயகம். இந்தத் தோள்தான், இந்தக் கழுத்துதான். ஒன்பது வருஷமாகத் தூங்கப்போகும் முன் எல்லாருடைய பெயரையும் சொல்லி ஜெபித்துக்கொண்டு வரும்போது இந்தப் பெயர் வருகிற இடத்தில் அவள் இருமுவாள், இல்லையென்றால் தண்ணீர் குடிக்க எழுந்துபோவாள். ஆண்டவரை ஏமாற்றுகிறோம் என்று தெரியும். ஆண்டவருக்குத் தெரியும் என்பதும் தெரியும். இப்போது யார் வாயை அடைத்தது? அவளா, ஆண்டவரா? அவர்தான் அடைத்தார் என்றால் தன் மேல் குற்றமில்லை. தான்தான் அடைத்தாள் என்றால் பதினோரு வருஷத்து ஜெபமும் ஒருவேளை பிடித்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிற பலகாரம்தானா? மணி ஏன் அடிக்கவில்லை என்று பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், நடுத்தெருவில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும், ஏன் கேட்கவில்லை, அம்மா அழுதுகொண்டிருந்தாள் என்பதாலா, பயமா, இல்லை, மணி அடிக்காத அந்த அமைதி அவளுக்கு அப்போது புரியவே இல்லையா...

"அம்மா." கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பிழிந்த மாதிரி ஒரு சத்தம். "விடலாமா?"

எப்சிபா பதறிப்போனாள். அவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதுகு நடுங்குகிறது, காது சிவந்திருக்கிறது, சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் நிற்கிறார். பொத்தானில் அவள் விரல் இருந்தது, அமுக்கவே இல்லை. "விடுங்க சார், விடுங்க!" என்று கத்தினாள். அவர் மூச்சை விட்டார். விட்டதும் இருமல் பிடித்துக்கொண்டது. ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு இருமினார். எவ்வளவு நேரம் அப்படி நிற்க வைத்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்தாளா? இல்லை. இல்லை என்று எப்படித் தெரியும்? ஓடிப்போய் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க சார். மிஷின் கொஞ்சம் நின்னுட்டு. இன்னொரு தடவை எடுக்கணும்."

"எடுங்கம்மா, எடுங்க. மிஷின்னா அப்படித்தான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிஷின் என்று பொய் சொல்லிவிட்டாள். பிறகு யோசித்தபோது அது பொய்தானா என்றும் தெரியவில்லை. ரெண்டாம் தடவை அவள் ஜெபத்தைத் தேடவில்லை. இழுங்க, பிடிங்க, பொத்தான், பீப், விடுங்க. வெறும் எக்ஸ்ரே. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்தில் எடுத்த மாதிரி. திரையில் படம் மெல்ல வந்தது. விலா எலும்புகள், இடதுபக்கம் சாய்ந்த இருதயம், வலது நுரையீரலின் மேல்மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று. ஓரம் பிசிறுபிசிறாக இருந்தது. அவள் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் பதினான்கு வருஷமாகப் பார்க்கிற கண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவையே ஜெபம் சொல்லியிருந்தால் இது இருந்திருக்காதோ என்று ஒரு நினைப்பு ஓடியது. என்ன பைத்தியக்காரத்தனம், இது எத்தனையோ மாசமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை மாசமாக? ஒன்பது வருஷமாகவா? அவள் இரும வேண்டிய இடத்தில் இருமி, தண்ணீர் குடிக்க எழுந்துபோன ராத்திரிகளிலா? ச்சீ, என்று தன்னையே அதட்டினாள். அதட்டல் போதவில்லை. இந்த மனுஷனுக்கு ஒன்று வரட்டும் என்று என்றைக்காவது நினைத்தோமா? நினைத்ததாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதை வைத்து என்ன செய்ய முடியும், காலையில் அடுப்பை அணைத்ததே ஞாபகம் இல்லையே.

அருமைநாயகம் சார் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் துளையில் ஏற மறுத்தது. எப்சிபா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னால் குனிந்து அவளே போட ஆரம்பித்தாள். முகக்கவசத்துக்குள் வேர்த்தது. இழுத்துக் கீழே விட்டுக்கொண்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ நம்ம பக்கத்துப் பிள்ளை மாதிரி தெரியுதே. யாரு மகம்மா?"

"மாசிலாமணி மக. கிருபாபுரத்துல கோயில் மணி அடிச்சாரே, அவரு மக சார். எப்சிபா."

அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. "மாசிலாமணி," என்றார். "அன்னைக்கு உபதேசியார் ஊர்ல இல்லை. அடக்கத்துக்கு வேதபாடம் நாந்தான் வாசிச்சேன். பாதி வாசிக்கையில தொண்டை அடைச்சிட்டு. சத்தம் வரவே மாட்டேன்னுட்டு. யாரோ ஒரு பிள்ளை தண்ணி கொண்டாந்து கொடுத்தா, அதைக் குடிச்சிட்டுத்தான் மிச்சத்தை வாசிச்சேன்."

எப்சிபாவின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. அவர் வாசித்தாரா? கல்லறைத் தோட்டத்து வேப்பமரம், மண் குவியல், அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள். வாசிக்கிற ஒரு குரல் இருந்தது. யாருடைய குரல் என்று ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டுக்கொண்டாளா? குரல் நின்றது. ஆமாம், நின்றது. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். யாரோ, தண்ணி, தண்ணி, என்றார்கள். கல்லறை வாசலில் வைத்திருந்த குடத்திலிருந்து மொண்டுகொண்டு போனது யார்? எவர்சில்வர் டம்ளர், வெயிலில் கிடந்து விளிம்பு சுட்டது. சுட்டது அவளுடைய விரலில். அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒன்பது வருஷமாக அதை எங்கே வைத்திருந்தாள்? மணி இல்லாததை மட்டும் வைத்துக்கொண்டு, டம்ளரை எங்கே போட்டாள்? இல்லை, இப்போது இவர் சொன்னதால் சுட்ட மாதிரி இருக்கிறதா? விரலை நம்பலாமா?

"மணி அடிக்கலையே சார்," என்றாள். கேட்க நினைக்கவில்லை, வந்துவிட்டது.

அவர் தலையைக் குனிந்து, அவள் போட்டுவிட்ட பொத்தானைத் தடவினார். "ஆமா. அடிக்கலை." வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டுச் சத்தம் போட்டார்கள். "நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்," என்றார். வருத்தப்பட்டுச் சொல்கிறாரா, நடந்ததை நடந்தது மாதிரி சொல்கிறாரா, அந்தக் குரலில் இருந்து பிரிக்க முடியவில்லை. பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது, ஒரு பக்கம் சட்டை தூக்கிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மேலிருந்து போட்டுவிட்டாள்.

"படம் எப்படிம்மா இருக்கு?"

"டாக்டர் சொல்வாங்க சார். மாடியில பன்னிரண்டாம் நம்பர் ரூம்." இவர் தனியாகப் படியேறிப்போய், தனியாக உட்கார்ந்து அதைக் கேட்பார் என்று தோன்றியது. "மகன் வரலையா?"

"அவன் துபாய்ல இருக்கான். மருமக அவ ஊருக்குப் போயிருக்கா."

எப்சிபா கதவைத் திறந்து வெளியே காத்திருந்தவர்களிடம், அஞ்சு நிமிஷம், என்றாள். அவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து வாடையும் கூட்டமுமாக இருந்த நடைபாதையில் மெதுவாக நடந்தார்கள். இந்த நடைபாதையில் அவள் ஒருநாளும் வெறும் வாயோடு நடந்ததில்லை. எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை இருக்கும். இன்றைக்கு ஒன்றுமில்லை, அவருடைய செருப்பு தரையில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. மாடிப்படிக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் நின்றார்.

"ஒரு ஜெபம் பண்ணும்மா. இங்க எல்லாரும் பண்ணுவாங்கல்லா."

அவள் வாயைத் திறந்தாள். பதினோரு வருஷமாக வராத நேரம் இல்லை. "எனக்கு இன்னைக்கு வரலை சார்," என்றாள். சொன்னதும் அழுகை முட்டியது. "நீங்களே பண்ணுங்க."

அவர் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடி, நடுவழியிலேயே ஆரம்பித்துவிட்டார். பழைய மூப்பரின் ஜெபம், சீக்கிரம் முடியாது. அண்ட சராசரங்களில் தொடங்கி, தேசத்தை ஆளுகிறவர்கள், மழை, விவசாயம், இந்த ஆஸ்பத்திரி, இதன் டாக்டர்கள், நர்சுமார் என்று நடந்து வந்துகொண்டிருந்தார். குரல் பழைய குரலாக இல்லை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு பற்றாமல் நின்று எடுத்தார். பின்னால் ட்ரே வைத்த தள்ளுவண்டி ஒன்று வந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்த ஆயாம்மா வழி கேட்க வாயெடுத்து, ஜெபம் என்று கண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "கர்த்தாவே, இந்த மகள். மாசிலாமணியின் மகள்," என்றார் அவர். அங்கே நின்றுவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்து வரப்போவது மன்னிப்பா, ஆசீர்வாதமா, இல்லை மறந்துபோய்விட்டாரா என்று எப்சிபா கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. என்ன சொல்கிறார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று இருந்தது, கேட்க வேண்டாம் என்றும் இருந்தது. உதடு நெடுநேரம் அசைந்தது. பிறகு அவர், "ஆமென்," என்றார்.

"ஆமென்," என்றாள் ஆயாம்மா. பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ரெண்டு பேரும் சொன்னார்கள். அதில் தன் குரலும் சேர்ந்திருந்ததா என்று எப்சிபாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தள்ளுவண்டி அவர்களை உரசிக்கொண்டு போனது. அவர் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தார். அவள் அவருடைய கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"படி இருக்கு சார்," என்றாள். "பாத்து வாங்க."